ஒல்லியான ஆளுக்கு ஏன் சர்க்கரை? பீடியும் சிகரெட்டும் ரத்தக்குழாயில் செய்யும் வேலை

"அவர் ஒல்லியான ஆள்தானே, தொப்பை கிப்பை எதுவும் கிடையாது, அவருக்கு எப்படி சுகர் வந்தது?" பாபநாசம், அம்மாபேட்டை, வலங்கைமான் பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்காருகிறவர்கள் காதில் இந்தக் கேள்வி அடிக்கடி விழும். கூடவே இன்னொன்றும் வரும்: "நேற்று வரைக்கும் வயலில் நின்ற மனுஷன், ஐம்பது வயசுகூட ஆகலை, திடீரென்று எப்படி அட்டாக்?" கேட்கிறவர் கையிலேயே பல நேரம் ஒரு பீடி புகைந்துகொண்டிருக்கும். இரண்டு கேள்விக்குமான பதிலில் ஒரு பங்கு அந்தப் பீடியில் இருக்கிறது.

புகை என்றதும் நமக்கு ஞாபகம் வருவது இருமல், நுரையீரல், புற்றுநோய். சிகரெட் பாக்கெட்டில் இருக்கும் படம், தியேட்டரில் படத்துக்கு முன்னால் ஓடும் எச்சரிக்கை எல்லாம் பெரும்பாலும் அந்தப் பக்கமே கைகாட்டும். அது பொய்யில்லை. ஆனால் புகையிலையால் சாகிறவர்களில் பெரும் பங்கு பேர் இதயமும் ரத்தக்குழாயும் கெட்டுத்தான் சாகிறார்கள். அதைப் படமாகப் போடுவது கஷ்டம். ரத்தக்குழாய் கெடுவது வெளியில் தெரியாது, வலிக்காது, இருமலும் வராது. அதனாலேயே அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு இழுப்பு எங்கே போகிறது

காலை ஐந்தரை மணி. வயலுக்குத் தண்ணி பார்க்கக் கிளம்பிய ஒருவர் வெறும் வயிற்றில் ஒரு டீ குடித்துவிட்டு பீடியைப் பற்றவைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் இழுப்பு நுரையீரலின் காற்றுப் பைகளுக்குப் போகிறது. அங்கே காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருப்பது மிக மெல்லிய சவ்வு. ஆக்சிஜன் ஏறுகிற அதே வழியில் நிகோடினும் ரத்தத்தில் ஏறிவிடும். அந்த ரத்தம் நேரே இதயத்தின் இடப்பக்கத்துக்கு வந்து, அங்கிருந்து உடம்பு முழுக்கத் தள்ளப்படுகிறது. பத்து இருபது நொடிக்குள் நிகோடின் மூளையைத் தொட்டுவிடும்.

மூளையில் ஒரு தெம்பு. அதே நேரத்தில் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினைக் கொட்டுகிறது. வரப்பில் பாம்பைப் பார்த்துத் துள்ளும்போது சுரப்பதும் இதுதான். இதயத் துடிப்பு நிமிடத்துக்குப் பத்து, பதினைந்து கூடும். ரத்த அழுத்தம் ஏறும். கைகால் விரல்களுக்குப் போகிற சின்னக் குழாய்கள் சுருங்கும். கல்லீரல், ஓடுவதற்குத் தேவைப்படும் என்று நினைத்து, சேமித்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் அவிழ்த்துவிடும். ஆனால் பாம்பும் இல்லை, ஓட்டமும் இல்லை. வந்த சர்க்கரைக்குச் செலவே இல்லாமல் போகிறது. நிகோடினின் வேகம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தணியும். தணிந்ததும் அடுத்த பீடிக்குக் கை போகும். ஆக, விழித்திருக்கிற நேரம் முழுக்க உடம்பு பயந்த நிலையிலேயே ஓடுகிறது.

இரண்டாவது ஆள் கார்பன் மோனாக்சைடு. இலையும் தூளும் முழுசாக எரியாமல் புகையும்போது வருவது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் ஆக்சிஜன் உட்கார முடியாது. நகரத்துப் புகையில் அதிகம் அகப்படாத, புகைக்காத ஒருவரின் ஹீமோகுளோபினில் இந்த வாயு ஒன்றிரண்டு சதவீதத்துக்குள்தான் இருக்கும். நாள் முழுக்கப் புகைப்பவரிடம் 5, சிலரிடம் 10 சதவீதம்கூட இருக்கும். நிகோடின் இதயத்தை வேகமாக ஓடச் சொல்கிறது, கார்பன் மோனாக்சைடு அந்த ஓட்டத்துக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தடுக்கிறது. மேட்டில் சைக்கிள் மிதிக்கும்போதும் நெல் மூட்டை தூக்கும்போதும் சீக்கிரம் மூச்சு வாங்குவதற்கு வயசை மட்டும் குறை சொல்ல முடியாது.

மூன்றாவது, மீதி எல்லாம். புகையிலைப் புகையில் 7000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருக்கின்றன. அதில் நம் கதைக்கு முக்கியமானவை, தொட்ட இடத்தில் எல்லாம் ஆக்சிஜனேற்றம் செய்யும், அதாவது இரும்பைத் துரு அரிப்பது போல அரிக்கும், துகள்களும் வாயுக்களும். ரத்தக்குழாயைத் தாக்குவதில் இவற்றுக்குத்தான் பெரிய பங்கு.

"பீடி இலைதானே, இயற்கையானது, சிகரெட் மாதிரி கெமிக்கல் பேப்பர் இல்லையே" என்று சொல்பவர்கள் நிறைய. 2016-17ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் நாட்டின் பெரியவர்களில் 7.7 சதவீதம் பேர் பீடியும் 4 சதவீதம் பேர் சிகரெட்டும் பிடிப்பதாகத் தெரிந்தது. ஆக பீடிதான் பெரிய விஷயம். பீடி சுற்றும் தெண்டு இலை அடர்த்தியானது, காற்றை எளிதில் உள்ளே விடாது. அதனால் அடிக்கடி அணைந்துவிடும். அணையாமல் இருக்க ஆழமாகவும் அடிக்கடியும் இழுக்க வேண்டும். ஃபில்டரும் கிடையாது. தூள் குறைவாக இருந்தாலும் தாரும் நிகோடினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறையாமல் உள்ளே போகின்றன. பல நேரம் கூடுதலாகவே போகின்றன.

அடைப்பு: வண்டலா, கரையா

இதயத்தில் அடைப்பு என்றதும் டெல்டாக்காரர்கள் மனசில் வருவது தூர்ந்துபோன வாய்க்கால். கொழுப்பு வண்டலாகப் படிகிறது, படிந்து படிந்து ஓட்டம் நிற்கிறது, தூர் வாரினால் சரியாகிவிடும் என்று ஒரு கணக்கு. இந்தப் படம் பாதிதான் சரி. கொழுப்பு சேருவது தண்ணி ஓடுகிற இடத்தில் இல்லை, கரைக்குள்ளே. கரை உள்ளிருந்து ஊறி வீங்குகிறது. விபரீதம் நடப்பது பெரும்பாலும் அது உடையும் நாளில்தான். கொள்ளிடத்தில் வெள்ளம் வரும்போது ஆட்கள் ராத்திரி பகலாகக் காவல் இருப்பது கரையில். அங்கே பயமெல்லாம் கசிவைப் பற்றித்தான், மணலைப் பற்றி இல்லை.

சரி, ரத்தக்குழாயின் கரை எப்படி இருக்கும்? உள்பக்கம் முழுக்க ஒரே ஒரு செல் தடிமனில் ஒரு விரிப்பு இருக்கிறது. மருத்துவர்கள் எண்டோதீலியம் என்பார்கள், நாம் உள்தோல் என்று வைத்துக்கொள்ளலாம். பார்ப்பதற்கு வெறும் பூச்சு. ஆனால் செய்கிற வேலை ஏராளம். குழாய் எப்போது விரிய வேண்டும், எப்போது சுருங்க வேண்டும், ரத்தம் எங்கே உறையக் கூடாது என்பதையெல்லாம் தீர்மானிப்பது இதுதான். விரியச் சொல்வதற்கு அது பயன்படுத்துவது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு. வண்டிப் புகையில் மாசு என்று நாம் திட்டுகிற ஒரு வாயுவை உடம்பு தானே தயாரித்து, சேதி சொல்லப் பயன்படுத்துகிறது என்று கண்டுபிடித்தபோது ஆராய்ச்சியாளர்களே நம்ப மறுத்தார்கள். அதைக் கண்டறிந்ததற்காக ராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரித் முராத் மூவருக்கும் 1998ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை வேலை செய்வதும் இந்த வாயுவை வைத்துத்தான்.

புகையில் இருக்கும் ஆக்சிஜனேற்றப் பொருள்கள் இந்த நைட்ரிக் ஆக்சைடைக் கிடைத்த இடத்திலேயே அழித்துவிடுகின்றன. குழாய் விரிய வேண்டிய நேரத்தில் விரியாது. வழவழப்பாக இருந்த உள்தோலில் இப்போது எல்லாம் ஒட்டத் தொடங்கும், இடுக்குகளில் கசிவும் தொடங்கும். அந்தக் கசிவு வழியாக எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்புத் துகள்கள் சுவருக்குள் புகுகின்றன. புகை அந்தத் துகள்களையும் ஆக்சிஜனேற்றம் செய்து கெடுத்து வைக்கிறது. கெட்டதைத் தின்று சுத்தம் செய்ய வெள்ளை அணுக்கள் உள்ளே வருகின்றன. தின்றது செரிக்காமல், கொழுப்பு நிரம்பி, அங்கேயே மாட்டிக்கொள்கின்றன. இப்படிச் சேர்ந்ததுதான் சுவருக்குள் இருக்கும் கொழுப்புக் கட்டி. அதன் மேல் உடம்பு ஒரு நார்த் தோலைப் போர்த்தி வைக்கும். உள்ளே அழற்சி, அதாவது புண் சிவந்து வீங்குவது போன்ற கொந்தளிப்பு, ஓயாத வரை அந்தத் தோல் மெலிந்துகொண்டே வரும்.

ஒருநாள் அது கிழிகிறது. ரத்தத்தைப் பொறுத்தவரை கிழிசல் என்றால் காயம். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டி, நிமிடக் கணக்கில் உறைகட்டி உண்டாகிறது. அதுதான் அட்டாக். அதே விஷயம் மூளைக்குப் போகும் குழாயில் நடந்தால் பக்கவாதம். புகைப்பவரின் தட்டணுக்கள் ஏற்கெனவே பசையேறியவை, உறைவதற்கு உதவும் ஃபைப்ரினோஜன் என்ற புரதமும் அவர் ரத்தத்தில் கூடுதல். கிழிசலை உண்டாக்குவதும், கிழிந்ததும் சட்டென்று உறைய வைப்பதும், இரண்டுமே புகையின் வேலை.

இதிலிருந்து ஒன்று புரியும். குழாய் பாதிகூட அடைபடாதவருக்கும் அட்டாக் வரலாம். "போன மாசம்தான் டிரெட்மில்லில் ஓட விட்டுப் பார்த்தார்கள், எல்லாம் நார்மல்" என்று குடும்பம் அழுவதற்குக் காரணம் இதுதான். அந்தச் சோதனை பெரும்பாலும் ஓட்டம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்கும், கரை எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பார்க்காது.

52 நாடுகளில் அட்டாக் வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்ட இன்டர்ஹார்ட் என்ற பெரிய ஆய்வு 2004ல் வெளியானது. கேரளத்தில் பிறந்த சலீம் யூசுஃப் தலைமையில் நடந்தது. புகைப்பவர்களுக்கு அட்டாக் வரும் வாய்ப்பு புகைக்காதவர்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு என்று அதில் தெரிந்தது. அதே தரவை வைத்துப் பார்த்ததில் பீடிக்கும் கிட்டத்தட்ட அதே கணக்கு வந்தது.

"நான் ரொம்பக் குறைத்துவிட்டேன், இப்போது நாளைக்கு ஒன்றிரண்டுதான்" என்பவர்களுக்கு ஒரு கசப்பான செய்தி. நாளைக்கு 20 சிகரெட் பிடிப்பவருக்கு இதயநோய் அபாயம் எவ்வளவு கூடுகிறதோ, அதில் சுமார் பாதி ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும் கூடுகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018ல் வந்த முடிவு இது. நுரையீரல் புற்றுநோயில் எண்ணிக்கை குறைந்தால் அபாயமும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறையும். ரத்தக்குழாய் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. தட்டணுக்களைப் பசையாக்கவும் உள்தோலைத் தூண்டவும் கொஞ்சம் புகையே போதும். ஒரே வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் புகையை இழுக்கும் மனைவிக்கும் இதயநோய் வாய்ப்பு கால் பங்கு கூடுவதும் இதனால்தான்.

சர்க்கரைக்கும் புகைக்கும் என்ன சம்பந்தம்

இது பலருக்கும் புதுச் செய்தியாக இருக்கும். சாப்பிட்ட சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் வரும்போது, கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் சொன்னால்தான் தசையும் கொழுப்புத் திசுவும் சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்ளும். தசை இன்சுலின் சொல்வதைக் கேட்காமல் போனால், கணையம் இன்னும் கொஞ்சம் சுரந்து சமாளிக்கும். வருஷக்கணக்கில் சமாளித்து, ஒரு கட்டத்தில் முடியாமல் போகும். அப்போதுதான் ரிப்போர்ட்டில் சுகர் தெரியும். கோளாறு தொடங்கியது அதற்குப் பல வருஷம் முன்னால்.

புகை இந்த வேலையைப் பல முனையிலும் கெடுக்கிறது. அட்ரினலினும், கார்ட்டிசால் என்ற இன்னொரு பதற்ற ஹார்மோனும் இன்சுலினுக்கு எதிர்த்திசையில் இழுப்பவை, நிகோடின் இரண்டையும் கூட்டுகிறது. நிகோடின் கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்களை ரத்தத்தில் இறக்கிவிடுகிறது, அவை தசைக்குள் போய் இன்சுலின் பேச்சைக் கேட்க விடாமல் செய்கின்றன. உடம்பு முழுக்க இருக்கும் அழற்சியும் அதையே செய்கிறது. இன்சுலின் சுரக்கும் கணைய செல்களிலேயே நிகோடின் ஒட்டும் இடங்கள் உண்டு. மொத்தத்தில், புகைப்பவருக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 30 முதல் 40 சதவீதம் கூடுதல். நிறையப் புகைத்தால் இன்னும் கூடும். அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 2014ல் வெளியிட்ட அறிக்கை, புகை இந்த நோய்க்கு ஒரு காரணம் என்றே பதிவு செய்தது.

இப்போது ஒல்லியான ஆள் விஷயத்துக்கு வரலாம். நிகோடின் பசியைக் குறைக்கும், உடம்பு எரிக்கும் கலோரியைக் கொஞ்சம் கூட்டும். அதனால் தராசில் எடை குறைவாகவே இருக்கும். ஆனால் இருக்கிற கொழுப்பு எங்கே சேருகிறது என்பதுதான் கேள்வி. புகைப்பவர்களுக்கு அது தோலுக்கு அடியில் தங்காமல் குடலைச் சுற்றி, கல்லீரலைச் சுற்றி வயிற்றுக்குள் சேரும் போக்கு அதிகம். கையும் காலும் குச்சியாக, சட்டை பட்டன் மட்டும் நடுவில் இறுக்கும் ஆட்களை நமக்குத் தெரியும். அந்த வயிற்றுக்கொழுப்புதான் வம்பு பிடித்தது. இந்தியர்களுக்கு இயல்பாகவே குறைந்த எடையிலும் இது சேரும். அதனால்தான் நமக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்று கீழே வைத்திருக்கிறார்கள். தையல்கடை டேப்பைத் தொப்புள் மட்டத்தில் சுற்றிப் பார்ப்பது, தராசில் ஏறுவதைவிட உண்மையைச் சொல்லும்.

ரத்தக் கொழுப்பு ரிப்போர்ட்டிலும் புகையின் கையெழுத்து இருக்கும்: நல்ல கொழுப்பான எச்டிஎல் குறைவு, டிரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பு கூடுதல். சர்க்கரை நோயின் கையெழுத்தும் ஏறக்குறைய இதேதான். இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால் உள்தோலுக்குத் தாங்காது.

இங்கே நம் ஊர் நிலைமையையும் சொல்ல வேண்டும். தாத்தா காலத்திலும் பீடி இருந்தது, மூன்று வேளையும் சோறு இருந்தது. ஆனால் உழவு, நடவு, களையெடுப்பு, கதிரடிப்பு எல்லாம் உடம்பால் நடந்தது. இப்போது டிராக்டர் உழுகிறது, பல இடத்தில் மிஷின் நடுகிறது, அறுவடை மிஷின் ஒரு வயலை ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அறுத்துவிட்டுப் போகிறது. வரப்பில் நின்று மேற்பார்வை பார்ப்பதுதான் மிச்சம். சோற்றின் அளவு மாறவில்லை, பீடியும் மாறவில்லை. 2023ல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். "தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் பீடி பிடித்தார்" என்ற வாதத்தை நான் மதிப்பதில்லை. தாத்தாவோடு பீடி பிடித்து ஐம்பதில் போனவர்களை யாரும் எண்ணி வைக்கவில்லை.

கெண்டைக்கால் சொல்வது

இதயத்தைவிட முன்னாலேயே கால் சொல்லிவிடும். ஒருவர் ஆற்றங்கரையில் நடந்து வருகிறார். மோட்டார் கொட்டகை தாண்டியதும் கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது. நின்று பீடி பற்றவைக்கிறார். இரண்டு நிமிடத்தில் வலி போய்விடுகிறது. பீடிதான் வலியைப் போக்கியது என்று நினைக்கிறார். மறுபடி நடக்கிறார், அதே தூரத்தில் மறுபடி வலி. உண்மையில் வலியைப் போக்கியது நின்றதுதான். நடக்கும்போது தசை கேட்கும் ரத்தம் சுருங்கிய குழாய் வழியாக வந்து சேருவதில்லை, நின்றால் தேவை குறைந்து சமமாகிவிடும். நடந்தால் வலி, நின்றால் போய்விடும், அதே தூரத்தில் திரும்பவும் வரும் என்றால் அது வாயுப்பிடிப்பு இல்லை. கால் ரத்தக்குழாயைப் பார்க்க வேண்டும். பாதத்தின் மேல்பக்கம் நாடி தொட்டுப் பார்ப்பதும், கையிலும் கணுக்காலிலும் பி.பி. எடுத்து ஒப்பிடுவதும் எளிய சோதனைகள். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் 0.9 அல்லது அதற்குக் கீழே வருவது நல்லதில்லை.

இதே ஆளுக்குச் சர்க்கரையும் இருந்தால் ஆபத்து வேறு மாதிரி. நரம்பு மரத்துப்போய் அந்த வலியே தெரியாமல் போகலாம். சேற்றில் செருப்பில்லாமல் இறங்கி, நத்தை ஓடோ கருவ முள்ளோ குத்தியது தெரியாது. ரத்தம் வராத காலில் புண் ஆறாது. விரல் எடுப்பதில் முடிகிற கதைகள் பெரும்பாலும் இப்படித் தொடங்கியவைதான்.

சர்க்கரையே இல்லாத இளைஞர்களுக்கு வரும் இன்னொரு நோயும் உண்டு, பர்ஜர் நோய் என்று பெயர். கைகால்களின் சின்னக் குழாய்கள் அழற்சியால் அடைபட்டு, விரல் கறுத்து அழுகும். வருவது ஏறக்குறைய முழுக்கப் புகையிலை பயன்படுத்துகிறவர்களுக்குத்தான். புகையிலையை ஒட்டுமொத்தமாக விட்டால் நோய் நின்றுவிடும், ஒன்றிரண்டு பிடித்தாலும் தொடரும்.

வெற்றிலை போடுகிறவர்கள் "நாங்கள் புகைப்பதே இல்லையே" என்பார்கள். கும்பகோணம் வெற்றிலை வேறு, அதோடு வைக்கிற புகையிலை வேறு. வேதாரண்யம் பக்கம் மணலில் விளையும் மெல்லும் புகையிலையிலும் இருப்பது நிகோடின்தான், கன்னத்து வழியாக மெதுவாக ஏறி இதயத்தையும் பி.பி.யையும் அதேபோலத் தூண்டும். கார்பன் மோனாக்சைடு இல்லை என்பது மட்டும்தான் சலுகை. இன்டர்ஹார்ட் ஆய்வில் மெல்லுகிறவர்களுக்கும் அட்டாக் வாய்ப்பு கூடியிருந்தது. வாய்ப் புற்றுநோய் தனிக்கணக்கு.

விட்டால் என்ன ஆகும்

கார்பன் மோனாக்சைடு ஒன்றிரண்டு நாளில் ரத்தத்தை விட்டுப் போய்விடும். தட்டணுக்களின் பசை சில வாரங்களில் குறையும், எச்டிஎல் ஏறத் தொடங்கும். ஒரு வருஷத்தில், புகையால் கூடியிருந்த இதயநோய் அபாயத்தில் சுமார் பாதி போய்விடும். மீதி குறையப் பல வருஷம் ஆகும்.

நடுவில் ஒரு தொல்லை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பசி திரும்பும், வாய் எதையாவது கேட்கும், முதல் வருஷத்தில் சராசரியாக நாலைந்து கிலோ ஏறும். சிலருக்கு அந்தச் சமயத்தில் சுகரும் கொஞ்சம் கூடும். "விட்டதிலிருந்துதான் உடம்பு கெட்டது" என்று மறுபடி பற்றவைப்பது இந்த இடத்தில்தான். எடை ஏறியவர்களையும் சேர்த்துப் பார்த்தாலும் இதயத்துக்கு லாபமே அதிகம். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் விட்டதும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், சில மாதத்தில் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

மன உறுதி ஒன்றை மட்டும் நம்பி இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறார்கள். அது அவர்கள் குற்றம் இல்லை, நிகோடினின் பிடி அப்படி. நிகோடின் சூயிங்கம், பேட்ச், வரெனிக்லின் மாதிரி மாத்திரைகள் இருக்கின்றன, மருத்துவர் ஆலோசனையோடு எடுத்தால் வெற்றி வாய்ப்பு கூடுகிறது. பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டால் ஆலோசனை சொல்வார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறவர்கள், கொண்டுவருகிற அக்காவிடம் பீடிப் பழக்கத்தையும் சொல்லலாம். பலர் சொல்வதில்லை, அவர் கேட்பாரோ என்று வாசலில் அணைத்துவிட்டு வருகிறார்கள்.

"அறுபது ஆச்சு, இனிமேல் விட்டு என்னப்பா?" என்ற கேள்விக்கு பிரிட்டனில் மருத்துவர்களையே ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில் பதில் இருக்கிறது. 30 வயதில் விட்டவர்களுக்கு ஏறக்குறைய பத்து வருஷ ஆயுள் மிச்சமானது, 40ல் விட்டவர்களுக்கு ஒன்பது, 50ல் ஆறு, 60ல் மூன்று. அடைபட்ட குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்களுக்கும் இது பொருந்தும். இதயநோய் வந்த பிறகு புகையை நிறுத்தியவர்களுக்குச் சாவு அபாயம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தரும் எந்த மாத்திரையோடும் போட்டி போடக்கூடிய பலன் இது.